பேசிக் காட்டியவள்

யாரையும் இரண்டு நிமிடம் பார்த்தால் போதும் அவளுக்கு. மூன்றாவது நிமிடம் அந்த ஆள் அவள் வாயில் இருப்பார். குரல் மட்டுமல்ல, தும்முவதற்கு முன் மூக்கை எப்படிச் சுருக்குவார், பொய் சொல்லும்போது எந்தக் கையால் காதைத் தொடுவார் என்பதெல்லாம் சேர்ந்தே வரும். இன்றைக்கும் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் நடத்திக்கொண்டிருக்கிறாள். அதனால் பெயரை எழுதாமல் விடுகிறேன்.

நாங்கள் பி.எட். படித்த கல்லூரி கொண்டப்பநாயக்கன்பட்டியைத் தாண்டி, மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடத்தில் இருந்தது. நான் சேலம் டவுன்காரி, எம்.எஸ்சி. கணக்கு. அவள் ஜேடர்பாளையம், எம்.ஏ. தமிழ். விடுதியில் ஒரே அறை.

முதல் மாதத்தில் ஒரு பயிற்சி வைப்பார்கள். உடன் படிக்கிறவர்களே பிள்ளைகளாக உட்கார்ந்துகொள்வார்கள். ஏழு நிமிடம் பாடம் நடத்த வேண்டும். முடிந்ததும் எல்லோரும் குறை சொல்வார்கள். நான் பின்னக் கூட்டல் நடத்தினேன். வியர்த்துக் கொட்டியது. எப்படியோ முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அடுத்தது அவள் முறை. சாக்பீஸை எடுத்தாள். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு, "ஓகே, சரியா? அடுத்தது என்னான்னா, சரியா? இது கீழ, இது மேல, சரியா?" என்றாள். வகுப்பு உருண்டு சிரித்தது. அது நான்தான் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. தெரிந்ததும் நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் இன்னும் மோசமாகப் போயிருக்கும்.

அன்றோடு என் வாயிலிருந்து 'சரியா' போய்விட்டது. இரண்டு வருடம் பேராசிரியர்கள் சொல்லியிருந்தாலும் போயிருக்காது.

அவளுடைய அப்பா அணைக்கட்டுப் பக்கம் மீன் வறுத்து விற்கிறவர். விடுமுறை நாளில் ஈரோட்டிலிருந்தும் கரூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்களாம். அவர்கள் பேசுவதைப் போலவே பேசச் சொல்லி, ஐந்து வயதிலேயே அவளை அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார். கரூர்க்காரர்கள் வந்தால் கரூர்ப் பேச்சு, சேலத்துக்காரர்கள் வந்தால் சேலத்துப் பேச்சு. கூட்டம் அந்தக் கடையில்தான் நிற்கும். "அப்பன் மீனுக்கு மொளகாய் தடவறதுக்குள்ள நான் மூணு பேரத் தடவியிருப்பேன்" என்பாள்.

அவளுடைய அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வாய் கோணியிருந்தது. ஊருக்குப் போய்விட்டு வந்த ஒரு திங்கட்கிழமை, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அம்மா சோறு கேட்பதைச் செய்து காட்டினாள். உதடு ஒரு பக்கம் இறங்கி, 'சோறு' என்பது 'ஓவு' என்று வந்தது. அறையில் ஐந்து பேர் இருந்தோம். முதலில் சிரித்தோம். பிறகு சிரிக்கலாமா என்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம்.

"என்ன புள்ள பாக்கறீங்க? எங்கூட்டுல அம்மாவே இதப் பாத்துச் சிரிக்கும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினாள்.

எனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது பதினோரு நாள் கஞ்சி காய்ச்சி ஊட்டியவளும் அவள்தான். விடுதிக் காப்பாளர் குரலில் அதட்டி அதட்டி ஊட்டினாள். அவளைப் பிடிக்காமல் இருக்க எனக்குத் தெரியவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் வருடம் பள்ளிகளுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். எங்கள் இருவருக்கும் மேச்சேரிப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளி கிடைத்தது. ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவில் அவள் தமிழ், நான் கணக்கு. அவள் பாடம் நடத்தும்போது நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, அவள் எப்படி நடத்துகிறாள் என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். நான் நடத்தும்போது அவள் எழுதுவாள். அது விதி. அந்த நோட்டுக்கும் மதிப்பெண் உண்டு.

முதல் நாள் வருகைப்பதிவு எடுத்தாள். குமரேசன் என்ற பெயர் வந்ததும் மூன்றாவது பெஞ்சில் ஒல்லியாக ஒரு பையன் எழுந்தான். வாயைத் திறந்தான். தாடை ஒரு பக்கம் இழுத்தது, கண்ணை இறுக்கி மூடினான். "உ... உ... உள்..." என்பதற்கு மேல் போகவில்லை. அவள் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். பொறுமையாக இருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அவன் ஒருவழியாக 'உள்ளேன் அம்மா'வை முடித்ததும், அவளும் தாடையை இழுத்து, கண்ணை மூடி, "வ... வ... வந்துட்டீங்களா சாமி?" என்றாள்.

நாற்பது பிள்ளைகளும் கத்திச் சிரித்தார்கள். குமரேசனும் சிரித்தான். என் நோட்டில் அன்று நான் எழுதியது இது: 'முதல் ஐந்து நிமிடத்திலேயே மாணவர்களின் கவனத்தை முழுமையாக ஈர்த்தார். மிக நன்று.'

பொய்யில்லை. அதுபோல ஒரு தமிழ் வகுப்பை நான் பார்த்ததில்லை. செய்யுளில் ராஜா வந்தால் ராஜாவாக, கிழவி வந்தால் கிழவியாகப் பேசுவாள். பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் வந்து தொங்குவார்கள். பள்ளியின் தமிழாசிரியர் தன் வகுப்புகளை எல்லாம் அவளிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக ஆசிரியர் அறையில் உட்கார்ந்துகொண்டார். வகுப்பில் சத்தம் அதிகமானால் பிரம்பைத் தேட மாட்டாள். "கு... கு... குமரேசா" என்பாள். ஒரு சிரிப்பு எழும்பி அடங்கும். அடங்கியதும் பாடம் தொடரும். ஒரு நாளைக்கு மூன்று தடவை, நான்கு தடவை.

முதல் வாரம் அவன் சிரித்தான். இரண்டாவது வாரம் வருகைப்பதிவுக்குக் கையை மட்டும் தூக்கினான். பிறகு என் வகுப்பிலும் வாயைத் திறப்பதில்லை. கணக்குக்கு விடை தெரிந்தால் அவனாகவே எழுந்து வந்து கரும்பலகையில் எழுதிவிட்டுப் போவான். ஒரு வரி தப்பாக இருக்காது.

ஒருநாள் பேருந்தில் அவளிடம் சொன்னேன். "அந்தப் பையன விட்டுடேன். பாவமா இருக்கு."

"நான் அவன அடிச்சனா? வைஞ்சனா?" என்றாள். "நான் வர்றதுக்கு முன்னாடி அவன் பேரு யாருக்குத் தெரியும்? இப்ப பள்ளிக்கூடமே கூப்புடுது." சொல்லிவிட்டு என் முகத்தைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டு, "அந்தப் பையன விட்டுடேன், பாவமா இருக்கு" என்றாள். அந்த 'பாவ'த்தில் நான் இழுத்த இழுப்பு அப்படியே வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

குமரேசன் மூன்று நாள் வராமல் இருந்தான். நான்காவது நாள் மத்தியானம் அவனுடைய அம்மா வந்தார். புங்கமரத்தடியில் நாங்கள் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நெடுநெடுவென்று உயரம். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார், காலெல்லாம் செம்மண். ஆடுகளைச் சாலையோரம் விட்டுவிட்டு வந்ததாகப் பிறகு தெரிந்தது.

"த... த... தமிழ் டீச்சருங்களா?" என்றார். மகனைப் போலவே தாடை இழுத்தது.

"ஆ... ஆ... ஆமாங்க" என்றாள் இவள்.

வேண்டுமென்று செய்தாளா என்று கேட்டால் இன்றுவரை என்னால் சொல்ல முடியாது. கரூர் நடத்துநரிடம் கரூர்ப் பேச்சு பேசுகிறவள். வாய் தானாகவே போய் எதிராளியின் வாயில் ஒட்டிக்கொள்ளும் என்பதும் உண்மை. ஆனால் அந்த அம்மாவின் முகம் மாறியதை நாங்கள் இருவரும் பார்த்தோம்.

"உ... உங்களுக்குமுங்களா?"

ஒரு மூச்சு விடும் நேரம் இருந்தது. 'இல்லைங்க, தப்பா வந்துருச்சு' என்று சொல்ல அந்த நேரம் போதும். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள்.

"ஆ... ஆமாங்க. சி... சின்னதுல இருந்தே."

அந்த அம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். சாம்பார் ஒட்டியிருந்த அவளுடைய கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். அவர் பேசியது நிறைய. திக்கித் திக்கிப் பேசியதை எல்லாம் அப்படியே எழுத எனக்கு மனமில்லை. புருஷன் நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்க விடமாட்டாராம். சம்பந்தம் பேச வந்த நாளிலேயே ஊமை என்று சொல்லித்தான் உட்கார வைத்தார்களாம். "என்ற பையனுக்கும் என்னால வந்துருச்சேன்னு நெனச்சு நெனச்சு அழுவேனுங்க. டீச்சர் வேலைக்கெல்லாம் வரலாமுங்களா, இப்படி இருந்தா?"

"வ... வரலாமுங்க" என்றாள்.

மறுநாள் குமரேசன் பள்ளிக்கு வந்தான். அம்மாவே வாசல்வரை கொண்டுவந்து விட்டார். உங்கள் டீச்சரும் நம்மைப் போலத்தான், அவங்களே படித்து வந்துவிட்டாங்க, நீ ஏன் வரமாட்டேன் என்கிறாய் என்று இரவு முழுக்கச் சொல்லியிருக்கிறார். முகமெல்லாம் சிரிப்பாக எங்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். பையன் எங்களைப் பார்க்காமல் உள்ளே போனான்.

அதன்பிறகு சந்தைக்குப் போகும் நாளெல்லாம் அந்த அம்மா பள்ளி வாசலில் நிற்பார். மடியில் வறுத்த கடலையோ கொய்யாவோ இருக்கும். ஒருமுறை வசம்பு கொண்டுவந்தார். தேனில் உரசி நாக்கில் தடவினால் திக்கு குறையும் என்றார். "எனக்குக் கேக்கலீங்க. உங்களுக்குச் சின்ன வயசு, கேக்கும்." மூச்சை முழுக்க விட்டுவிட்டு அப்புறம் பேசத் தொடங்குங்கள், வார்த்தையைப் பாட்டு மாதிரி இழுத்து விடுங்கள் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார். அவள் பத்து நிமிடமும் திக்கிக்கொண்டே, தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

முதல் இரண்டு தடவையும் விடுதியில் அதைச் செய்துகாட்டினாள். அம்மா, அவள், நடுவில் வசம்பு. அறையே அதிர்ந்தது. மூன்றாவது தடவையிலிருந்து விடுதியில் அதைச் செய்யவில்லை. கேட்டால் "ஒண்ணுமில்ல புள்ள" என்று புத்தகத்தை எடுத்துக்கொள்வாள்.

ஆனால் வகுப்பில் நிறுத்தவில்லை. நிறுத்தினால் பிள்ளைகள் கேட்டார்கள். "டீச்சர், குமரேசன் டீச்சர்!" அவர்கள் கேட்டால் அவளால் செய்யாமல் இருக்க முடியாது. வாசலில் அம்மாவோடு அவள் திக்குவதையும், வகுப்பில் தன்னைப் போலத் திக்குவதையும் அந்தப் பையன் ஒரே நாளில் பார்ப்பான். வாசலில் நிற்கும் அம்மாவிடம் அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

பயிற்சியின் கடைசி நாள். பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு எங்களுக்குப் பேனா வாங்கியிருந்தார்கள். நான் கடைசி பெஞ்சில் இருந்தேன்; நோட்டில் ஒரு பக்கம் பாக்கியிருந்தது. அவள் மேசைக்குப் பக்கத்தில் நின்று மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வகுப்பு வாசலில் நிழல் விழுந்தது. குமரேசனின் அம்மா. நல்ல சேலை கட்டியிருந்தார்.

"தலைமை சார் உள்ள போகச் சொன்னாருங்க" என்று திக்கித் திக்கிச் சொன்னார். "இன்னிக்கோட போறீங்களாமா. பு... புள்ளைங்களுக்கு ஒரு வார்த்த சொல்லுங்க டீச்சர். நீங்க வகுப்புல பேசறத நான் ஒ... ஒரு தடவ கேக்கோணும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து, 'தலைமை ஆசிரியர் கூப்பிடறாரு' என்று எதையாவது சொல்லியிருக்கலாம். அதற்காகத்தான் பார்த்தாள். நான் நோட்டில் தேதியை எழுதினேன்.

"கு... கு... குழந்தைகளா" என்று தொடங்கினாள்.

வகுப்பு வெடித்தது. நான்கு மாதப் பழக்கம். பாதிப் பிள்ளைகள் வழக்கப்படி குமரேசன் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. உள்ளே இரண்டு அடி எடுத்துவைத்தார்.

"சி... சி... சிரிக்காதீங்க! டீச்சரப் பா... பாத்துச் சிரிப்பாங்களா?"

அவரும் விளையாடுகிறார் என்று நினைத்து இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். ஒருவன் பெஞ்சைத் தட்டினான். முதல் பெஞ்சில் இருந்த ஒரு பெண் மட்டும் எழுந்து நின்றாள். நல்ல பிள்ளை, உதவி செய்கிற எண்ணத்தில்தான் சொன்னாள்.

"டீச்சருக்குத் திக்காதுங்க. அவங்க நல்லாப் பேசுவாங்க. குமரேசனாட்டம் பேசிக் காட்டறாங்க. டெய்லி பண்ணுவாங்க."

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. அந்த அம்மா அவளையே பார்த்தார். அவள் மிட்டாய்ப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அ... அப்படிங்களா" என்றார் அந்த அம்மா.

மகனுடைய பெஞ்சுக்குப் போனார். பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"உனக்குத் தெரியுமா சாமி?"

தலையசைத்தான்.

"ஏ... ஏஞ்சாமி எங்கிட்டச் சொல்லல?"

அவன் தாடை இழுத்தது. கண்ணை மூடினான்.  வார்த்தை வர ரொம்ப நேரம் ஆயிற்று.

"நீ ச... ச... சந்தோசமா இருந்தே."

இரண்டு பேரும் போய்விட்டார்கள். அவள் ஒவ்வொரு பெஞ்சாகப் போய் மிட்டாயைக் கொடுத்து முடித்தாள். எண்ணி வாங்கியதில் ஒன்று மிஞ்சியது. அதை மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள்.

தலைமை ஆசிரியர் எங்களைக் கூப்பிட்டார். மேசைமேல் எங்கள் பயிற்சிச் சான்றிதழ்கள் கையெழுத்துக்காக இருந்தன. அவர் கையெழுத்து இல்லாமல் பி.எட். முடியாது. அவளைப் பார்த்துக் கேட்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அந்தம்மா அழுதுக்கிட்டே போகுது. என்னம்மா நடந்துச்சு?"

"டீச்சருங்க போறாங்கன்னு அழுதாங்க சார்" என்றேன்.

இரண்டிலும் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழ வேண்டும் என்று விரும்பினேன்.  ஓமலூர் தாண்டியதும் சொன்னாள்: "அந்த மொத பெஞ்சுப் புள்ளைய யாரு கேட்டா? சும்மா உக்காந்திருந்தா என்ன?"

"ஆமா" என்றேன்.

குமரேசன் அந்தப் பள்ளிக்குத் திரும்பப் போகவில்லை, மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டான் என்று கேள்விப்பட்டோம். அவளுக்குச் செய்முறைத் தேர்வில் எங்கள் கல்லூரியிலேயே முதல் மதிப்பெண். பிறகு ஆளுக்கொரு பக்கம் வேலைக்குப் போனோம், தொடர்பு விட்டுப்போயிற்று.

போன வருடம் என் வீட்டுக்காரருடைய லாரிக்குப் பாடி கட்டும் வேலை நாமக்கல்லில் ஒரு பட்டறையில் நடந்தது. ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த ஆள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "க... க... கணக்கு டீச்சருங்களா?" என்றான். மீசை, அகலமான தோள், கையெல்லாம் தீப்பொறித் தழும்பு. குமரேசன்.

மேட்டூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பன்னிரண்டு முடித்து, ஐ.டி.ஐ. படித்து, இப்போது நான்கு பேரை வைத்து வேலை எடுத்துச் செய்கிறானாம். அரை மணி நேரம் பேசினான். மூன்று வார்த்தைக்கு ஒருமுறை தாடை இழுத்தது. இழுத்தால் நின்றான், வார்த்தை வந்ததும் மேலே பேசினான். அவனுடைய ஆட்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மா அவனோடுதான் இருக்கிறாராம். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க அவரேதான் போய்ப் பேசிவிட்டு வந்தாராம்.

"அந்த த... தமிழ் டீச்சர் எங்கீங்க இருக்காங்க? அம்மா அப்பப்பக் கேக்கும். அவங்களப் பாத்தீங்கன்னா நாங்க நல்லா இருக்கோம்னு சொல்லுங்க." தன் எண்ணைக் கொடுத்தான்.

இந்த வருடம் விடைத்தாள் திருத்தும் முகாமில் அவளைப் பார்த்தேன். தேநீர் இடைவேளையில் ஒரு கூட்டம் சிரித்துக்கொண்டிருந்தது. நடுவில் அவள், முகாம் அலுவலரைப் போல மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு நின்றாள். உடம்பு பெருத்திருந்தது. என்னைக் கண்டதும் "ஏ புள்ள!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டாள். ஆளுக்கொரு தேநீரோடு மாடிப்படியில் உட்கார்ந்தோம். அம்மா இறந்துவிட்டாராம். அப்பா கடையை விட்டுவிட்டாராம். அவள் பேசிக்கொண்டே வந்து நிறுத்தினாள்.

"வகுப்புல நான் இப்ப யாரையும் பேசிக் காட்டறதில்ல. வெளிய, பெரியவங்களத்தான். புள்ளைங்கள ஒரு தடவகூட இல்ல" என்றாள். கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினாள். "அந்தக் குமரேசன்... என்ன ஆனான்னு உனக்குத் தெரியுமா?"

அவள் குரலில் யாருடைய குரலும் இல்லை. எனக்கு இரக்கம் வரும் என்றுதான் நினைத்தேன். அதற்குப் பதிலாக என் 'பாவமா இருக்கு' ஞாபகம் வந்தது, 'மிக நன்று' ஞாபகம் வந்தது, தலைமை ஆசிரியரிடம் நான் சொன்ன பதில் ஞாபகம் வந்தது. இவள் மட்டும் இப்போது ஒரு பதிலில் பாரத்தை இறக்கிவைத்துவிட்டுப் போய்விடுவாள் என்று தோன்றியது.

"படிப்ப விட்டுட்டான்" என்றேன்.

"எப்போ?"

"அந்த வருஷமே. ஒம்பதாவதோட."

உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அந்தம்மா?"

"அதுக்கப்புறம் வெளிய யாருகிட்டயும் பேசறதே இல்லையாம்."

மணி அடித்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. தமிழ் திருத்தும் அறையிலிருந்து அவள் பெயரைச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டார்கள். நான் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு என் அறைக்குப் போனேன்.

சாயங்காலம் போகும்போது என் கைப்பேசியில் தன் எண்ணைப் பதிந்துகொடுத்தாள். ஏதாவது தெரியவந்தால் சொல் என்றாள். குமரேசனுடைய எண்ணும் அதே கைப்பேசியில்தான் இருக்கிறது. முகாம் முடிந்து ஏழு மாதம் ஆகிறது.